ஆங்கிலேயர் உணவும் அமெரிக்கர் உணவும்: ஒரு வரலாற்றுப் பார்வை



நம் நாட்டு அங்காடி உணவகங்களில் 'வெஸ்டர்ன் ஃபூட்' என்று பலகை மாட்டிய கடை ஒன்று தவறாமல் இருக்கும். மீன் பொரியலும் உருளைக்கிழங்கு வறுவலும், சிக்கன் சாப்பும், பர்கரும், ஸ்பகெட்டியும் அங்கே ஒரே அடுப்பில் தயாராகும். இதைப் பார்த்தே வளரும் நம் பிள்ளைகளுக்கு, வெள்ளையர் அனைவரும் ஒன்றுபோல்தான் உண்கின்றனர் என்னும் எண்ணம் ஊறிப் போய்விடுகிறது. பிள்ளைகளை மட்டும் சொல்வானேன்? பெரியவர்களாகிய நாமும் 'மேல்நாட்டுச் சாப்பாடு' என்று ஒரே சொல்லால் கூறி முடித்துவிடுகிறோம். வட இந்தியரின் சப்பாத்தியையும் நம் இட்டிலியையும் ஒன்றாக்கி எவரேனும் 'இந்தியச் சாப்பாடு' என்றால் மட்டும் நமக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது.

ஆங்கிலேயரும் அமெரிக்கரும் பேசுவது ஒரே மொழி. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் முதலில் குடியேறியோருள் பெரும்பாலோர் பிரிட்டனிலிருந்து சென்றவர்களே. அவ்வாறிருந்தும் ஒருவர் தேநீர்க் கெண்டியை அடுப்பில் வைக்கிறார். மற்றவர் காப்பி வடிக்கிறார். ஒருவர் முட்டையை அலமாரியில் வைக்கிறார். மற்றவர் குளிர்பதனப் பெட்டியில் வைக்கிறார். இதற்கெல்லாம் 'அது அவரவர் பழக்கம்' என்று விடை சொல்லிவிட்டால் வரலாறு கற்பிப்பதற்கே இடமில்லாமல் போய்விடும். பழக்கம் என்பது வானத்திலிருந்து விழுவதன்று. வரியும், போரும், பனிக்கட்டியும், பங்கீட்டு அட்டையும் ஒரு மக்களின் நாக்கை எவ்வாறு பழக்கிவிடுகின்றன என்பதைக் காட்டவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் சொற்களைப் பார்த்துவிடுவோம். பிரிட்டனில் 'பிஸ்கட்' எனப்படுவது அமெரிக்காவில் 'குக்கி'. பதினேழாம் நூற்றாண்டில் இன்றைய நியூயார்க் நகரம் டச்சுக்காரர்களின் குடியேற்றமாக இருந்தது. 1664ஆம் ஆண்டில்தான் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். டச்சு மொழியில் சிறு கேக்கைக் குறிக்கும் சொல்லே 'குக்கி' ஆயிற்று. அமெரிக்கர் 'பிஸ்கட்' என்று கேட்டால் கிடைப்பது மெத்தென்ற சிறு ரொட்டி. அதன்மீது இறைச்சிக் குழம்பையும் ஊற்றி உண்பார்கள்! பிரிட்டனில் 'சிப்ஸ்' என்றால் தடித்த, சூடான உருளைக்கிழங்கு வறுவல். அமெரிக்காவில் அது பொட்டலத்தில் வரும் மெல்லிய மொறுமொறுப்பான சீவல். பழைய ஆங்கிலத்தில் 'கார்ன்' என்பது பொதுவாகத் தானியத்தை, இங்கிலாந்தில் பெரும்பாலும் கோதுமையைக் குறித்தது. அமெரிக்கக் குடியேறிகளுக்கு அம்மண்ணின் பழங்குடியினர் சோளத்தைப் பயிரிடக் கற்றுக்கொடுத்தனர். பிறகு அச்சொல் சோளத்துக்கே உரியதாகிவிட்டது. ஆங்கிலக் கதை நூல்களையும் தொலைக்காட்சியையும் ஒன்றாகப் பார்க்கும் பிள்ளைகள் இவ்விடத்தில் குழம்புவது இயல்பே.

தேநீரா, காப்பியா?

ஆங்கிலேயர் என்றால் தேநீர், அமெரிக்கர் என்றால் காப்பி என்பது எல்லாரும் அறிந்தது. பலரும் அறியாதது, ஆங்கிலேயர் முதலில் காப்பி குடித்தவர்கள் என்பதாகும். 1652இல் இலண்டனில் முதல் காப்பிக் கடை திறக்கப்பட்டது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் நகரெங்கும் காப்பிக் கடைகள் பெருகின. உலகப் புகழ் பெற்ற 'லாய்ட்ஸ்' காப்பீட்டுச் சந்தையே எட்வர்ட் லாய்ட் என்பவரின் காப்பிக் கடையில்தான் பிறந்தது. தேநீர் அப்போது செல்வர்களின் விலையுயர்ந்த பானம். சீனாவிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி அதனைக் கொண்டுவந்தது.

தேயிலைமீது விதிக்கப்பட்ட வரி மிகக் கடுமையானது. வரி கூடினால் கள்ளக்கடத்தலும் கூடும் அல்லவா? 1784இல் பிரிட்டன் அரசு அவ்வரியை 119 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காட்டுக்கு ஒரேயடியாகக் குறைத்தது. கடத்தல்காரர்களின் பிழைப்புப் போயிற்று. ஏழையின் கோப்பையில் தேநீர் வந்தது. ஆலைகளில் பல மணி நேரம் உழைத்தவர்களுக்கு, சருக்கரை கலந்த சூடான தேநீரும் ஒரு துண்டு ரொட்டியும் மலிவான உணவாயின. அச்சருக்கரை கரீபியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பால் விளைந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். பின்னர் அஸ்ஸாம் தேயிலையும் இலங்கைத் தேயிலையும் சீனத் தேயிலையைப் பின்னுக்குத் தள்ளின. இலங்கை மலைகளில் 1869 முதல் பரவிய இலைநோய் காப்பித் தோட்டங்களை அழித்தது. அவ்விடங்களில் தேயிலை நடப்பட்டது. அதனைக் கிள்ளியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து சென்ற நம் மக்கள். ஆங்கிலேயரின் 'தேசிய பானம்' நம்மவரின் விரல்நுனியைக் கடந்தே அவர்களிடம் சென்றது.

அமெரிக்காவில் நடந்தது வேறு. 1773ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் இரவு, பாஸ்டன் துறைமுகத்தில் மூன்று கப்பல்களிலிருந்த 342 தேயிலைப் பெட்டிகளைக் குடியேற்றவாசிகள் கடலில் கொட்டினர். தங்கள் பேராளர் இல்லாத நாடாளுமன்றம் தங்கள்மீது வரி விதிப்பதா என்பதே அவர்களின் கேள்வி. தேநீர் குடிப்பது நாட்டுப்பற்றுக்கு எதிரானது என்னும் உணர்வு சில காலம் பரவியது. 'அன்றிரவு முதல் அமெரிக்கர் காப்பிக்கு மாறினர்' என்று பல நூல்கள் எழுதிவிடுகின்றன. கதைக்கு அது அழகுதான். ஆனால் முழு உண்மையன்று. விடுதலை பெற்ற சூட்டோடு 1784இல் 'எம்பிரஸ் ஆஃப் சைனா' என்னும் அமெரிக்கக் கப்பல் சீனாவுக்குப் புறப்பட்டது. திரும்புகையில் அது கொண்டுவந்த முதன்மைச் சரக்கு தேயிலையே!

காப்பியை வெற்றிபெறச் செய்தவை அருகாமையும் விலையுமே. கரீபியத் தீவுகளும் பிரேசிலும் பக்கத்தில் இருந்தன. 1832இல் காப்பி மீதான இறக்குமதி வரியும் நீங்கியது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில், வடபகுதிப் படைவீரர்களுக்கு அன்றாடப் படியாகக் காப்பிக்கொட்டை வழங்கப்பட்டது. துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டதால் காப்பி கிடைக்காத தென்பகுதியினர் சிக்கரி வேரையும் வேறு கொட்டைகளையும் வறுத்துக் குடித்து மனத்தைத் தேற்றிக்கொண்டனர். போர் முடிந்து வீடு திரும்பிய வீரர்கள் அப்பழக்கத்தையும் உடன் கொண்டுசென்றனர்.

இன்னொரு சிறு செய்தி. பிரிட்டன் வீடுகளில் மின்னழுத்தம் 230 வோல்ட். அமெரிக்காவில் 120 வோல்ட். அங்கே மின்கெண்டியில் தண்ணீர் கொதிப்பதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். நம் நாட்டிலோ பிரிட்டனைப் போன்ற மூன்று கால் செருகி, அதே வகை மின்னழுத்தம். நம் வீட்டு மின்கெண்டி விரைவில் பொங்குவதும் ஒருவகையில் காலனியாட்சியின் எச்சந்தான்.

பனிக்கட்டியும் முட்டையும்

அமெரிக்க உணவகத்தில் அமர்ந்தவுடன், கேட்காமலேயே பனிக்கட்டி நிறைந்த தண்ணீர்க் குவளை வரும். ஆங்கிலேயர் அவ்வளவு குளிர்ச்சியை விரும்புவதில்லை. அவர்களின் மரபான பீரும் நிலவறைக் குளிர்ச்சியில் வழங்கப்படுவதே.

இதற்கும் ஒரு மனிதர் காரணமாகிறார். பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரடெரிக் டியூடர், உறைந்த ஏரிகளின் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூள் போன்றவற்றில் பொதிந்து, 1806இல் கரீபியத் தீவான மார்த்தினிக்குக்குக் கப்பலேற்றினார். ஊரார் சிரித்தனர். ஆனால் காலப்போக்கில் பனிக்கட்டி பெரும் வாணிகமாயிற்று. 1833இல் அது கல்கத்தாவுக்கே போய்ச் சேர்ந்தது. சென்னையில் அதனைச் சேமிக்கக் கட்டப்பட்ட 'ஐஸ் ஹவுஸ்' இன்றும் மெரினா கடற்கரை எதிரே நிற்கிறது; 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்குத் தங்கியதால் இப்போது விவேகானந்தர் இல்லம் எனப்படுகிறது. சிங்கப்பூரிலும் 1854இல் வாம்போவா என்னும் சீன வணிகர் பனிக்கட்டிக் கிடங்கு நடத்தினார். அமெரிக்க ஏரித் தண்ணீர் நம் வெயிலுக்கு வந்து கரைந்திருக்கிறது! வீட்டில் பனிக்கட்டிப் பெட்டி வைக்கும் பழக்கம் அமெரிக்காவில் இவ்வாறு வேரூன்றியதால், மின்குளிர்பதனப் பெட்டியும் அங்கே முந்திப் பரவியது. பிரிட்டனிலோ இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னும் பெரும்பாலான வீடுகளில் அது இல்லை. இல்லத்தரசிகள் அன்றாடம் கடைக்குச் சென்று வேண்டிய அளவே வாங்கினர்.

முட்டையின் கதை அண்மைக் காலத்தது. அமெரிக்கக் கடைகளில் முட்டைகள் கழுவப்பட்டே விற்பனைக்கு வருகின்றன. கழுவும்போது ஓட்டின்மீது இயற்கையாக உள்ள மெல்லிய காப்புப் படலம் நீங்கிவிடுவதால், அவற்றைக் குளிரிலேயே வைத்தாக வேண்டும். பிரிட்டனில் விற்பனைக்கு வரும் முட்டையைக் கழுவக் கூடாது. எனவே அது கடையின் திறந்த அலமாரியிலேயே இருக்கிறது. 1988 டிசம்பரில், துணை நலவாழ்வு அமைச்சராக இருந்த எட்வினா கரி, நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சால்மனெல்லா கிருமியால் பாதிக்கப்பட்டுள்ளது என்று கூறினார். முட்டை விற்பனை சரிந்தது. இரண்டு வாரத்திற்குள் அவர் பதவி விலக நேர்ந்தது. 1998 முதல், சிங்க முத்திரை பதித்த முட்டைகளுக்கான கோழிகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டு வருகிறது. ஒரு நாடு முட்டையைக் கழுவியது. மற்றது கோழிக்கு ஊசி போட்டது. இரண்டும் நோயைத் தடுக்கும் வழிகளே. எது சிறந்தது என்று கேட்டால், எனக்கு ஊசி போடுவதே அடிப்படையை நாடும் வழியாகத் தோன்றுகிறது.

'டீ' என்பது குடிப்பதா, உண்பதா?

ஆங்கிலக் கதைகளைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்காக இதனைத் தனியே எழுதுகிறேன். வட இங்கிலாந்திலும் உழைக்கும் மக்களிடையிலும் 'டின்னர்' என்பது நண்பகல் உணவு. 'டீ' என்பது மாலை ஐந்து, ஆறு மணிக்கு உண்ணும் முழுச் சாப்பாடு. பள்ளியில் நண்பகல் உணவு பரிமாறும் பெண்களை 'டின்னர் லேடி' என்பார்கள். ஆகவே கதையில் ஒரு சிறுவன் 'டீ' உண்ண வீட்டிற்கு ஓடினான் என்றிருந்தால், அவன் ஒரு கோப்பை தேநீருக்காக ஓடவில்லை, பசிக்கு ஓடுகிறான். அமெரிக்கருக்கோ 'டின்னர்' என்றால் பெரும்பாலும் இரவு உணவுதான். காலை உணவில் எதிர்ப்புறமாக நடந்தது: மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் நகரில் ஒரு மருத்துவ இல்லத்து நோயாளிகளுக்காக உருவான சோளச் சீவல், 1906இல் கெல்லாக் நிறுவனமாகி, 1938இல் மான்செஸ்டரில் ஆலையே அமைத்தது. முட்டையும் பன்றி இறைச்சியும் பொரித்து உண்ட ஆங்கிலேயர் பலரின் காலை மேசையை அமெரிக்கா இவ்வாறு பிடித்துக்கொண்டது. நம் பிள்ளைகளின் காலை மேசையும் தப்பவில்லை.

பங்கீட்டு அட்டை

'ஆங்கிலேயர் உணவில் சுவையே இல்லை. எல்லாவற்றையும் வேகவைத்துக் கொடுப்பார்கள்' என்னும் ஏளனம் உலகெங்கும் உண்டு. அமெரிக்கர் இதைச் சொல்லிச் சிரிப்பதில் வல்லவர்கள். இந்த ஏளனத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு 1940ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறது.

அப்போது பிரிட்டன் தன் உணவில் பெரும்பகுதியைக் கடல் வழியாக இறக்குமதி செய்துவந்தது. செருமானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தன. 1940 ஜனவரி 8ஆம் நாள் வெண்ணெய், சருக்கரை, பன்றி இறைச்சி ஆகியவற்றுக்குப் பங்கீடு வந்தது. சூலையில் தேயிலையும் சேர்ந்தது. போர்க்காலத்தில் பெரியவர் ஒருவருக்குக் கிடைத்த பங்கு கூடியும் குறைந்தும் வந்தது. பெரும்பாலும் அது வாரத்திற்குத் தேயிலை 57 கிராம், வெண்ணெய் 57 கிராம், சருக்கரை 227 கிராம், முட்டை ஒன்று என்ற அளவில் இருந்தது. அந்த ஒரு முட்டையும் கிடைத்தால்தான் உண்டு. கிடைக்காதபோது அமெரிக்காவிலிருந்து வந்த முட்டைத்தூள். மாவை மிகுதியாகச் சலிக்காமல் சுட்ட பழுப்பு நிற 'தேசிய ரொட்டி'யை மக்கள் முணுமுணுத்துக்கொண்டே உண்டனர். பாலாடைக்கட்டிக்கு உரிய பால் பெரும்பாலும் ஒரே வகைக்குத் திருப்பப்பட்டதால், ஊருக்கு ஊர் இருந்த பாலாடைக்கட்டி வகைகள் பல மறைந்தன. மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் பங்கீட்டுக்கு உட்படவில்லை. மக்கள் அதனை இன்றளவும் கொண்டாடுவதில் வியப்பென்ன?

அமெரிக்காவிலும் பங்கீடு இருந்தது. 1942 மே மாதம் சருக்கரைக்கும், நவம்பரில் காப்பிக்கும் அது வந்தது. ஆனால் காப்பிப் பங்கீடு 1943 சூலையிலேயே முடிந்தது. மற்றவையும், சருக்கரை நீங்கலாக, 1945 முடிவதற்குள் நீங்கின. நாடு குண்டுவீச்சுக்கு உள்ளாகவில்லை, வயல்கள் விளைந்தன. 1942 முதல் பிரிட்டனுக்கு வந்த அமெரிக்கப் படைவீரர்களுக்கு அவர்களின் போர்த்துறை ஒரு சிறு கையேட்டை வழங்கியது. எவரேனும் வீட்டிற்கு விருந்துக்கு அழைத்தால் அளவாக உண்ணுங்கள், அக்குடும்பத்தின் ஒரு வாரப் பங்கையே நீங்கள் தீர்த்துவிடக்கூடும் என்னும் பொருளில் அது அறிவுறுத்தியது. பதினைந்து இலட்சம் வீரர்கள் 1944க்குள் அங்கே குவிந்திருந்தனர். பிரிட்டன் உணவைப் பற்றி அவர்கள் தம் ஊருக்குக் கொண்டுசென்ற கருத்து, பங்கீட்டு உணவைப் பற்றிய கருத்தே என்பேன். பட்டினிக்கு அஞ்சிய ஒரு வீட்டின் தட்டைப் பார்த்துச் 'சுவையில்லை' என்று தீர்ப்பெழுதலாமா?

போர் முடிந்தும் பிரிட்டனின் துன்பம் முடியவில்லை. 1945 ஆகஸ்டில் அமெரிக்கா தன் கடனுதவித் திட்டத்தைச் சட்டென நிறுத்தியது. போர்க்காலத்தில்கூடப் பங்கிடப்படாத ரொட்டி 1946 சூலை முதல் இரண்டு ஆண்டுகள் பங்கிடப்பட்டது. இறைச்சிப் பங்கீடு 1954 சூலை 4ஆம் நாள்தான் நீங்கியது. ஏறத்தாழ பதினான்கரை ஆண்டுகள்! 1940இல் பள்ளியில் சேர்ந்த ஒரு பெண் குழந்தை, வேலைக்குச் செல்லும் வயதை அடையும்வரை, வீட்டில் தாராளமாக வெண்ணெயிட்டுச் சமைப்பதைப் பார்த்திருக்கவே மாட்டாள். தாயிடம் பார்க்காததை மகள் எவ்வாறு சமைப்பாள்? ஒரு தலைமுறையின் கைப்பக்குவம் இவ்வாறு இடையில் அறுந்துபோனது. அதற்கடுத்த ஆண்டு, 1955 ஏப்ரலில், ரே கிராக் இல்லினாய் மாநிலத்தில் தம் முதல் மெக்டொனால்ட்ஸ் கடையைத் திறந்தார்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் பெற்றோர்கள் அறிய வேண்டும். உணவு அமைச்சர் உல்ட்டன் பிரபுவும் அறிவியல் ஆலோசகர் ஜாக் டிரம்மண்டும் வகுத்த திட்டத்தில் குழந்தைகளே முதலில் வைக்கப்பட்டனர். ஐந்து வயதுக்குட்பட்டோருக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும் நாள்தோறும் ஒரு பைண்ட் பால், விலை குறைத்தோ விலையின்றியோ கிடைத்தது. ஆரஞ்சுச் சாறும் மீனெண்ணெயும் வழங்கப்பட்டன. போருக்குமுன் வறுமையில் வாடிய பல குடும்பங்கள் பங்கீட்டால் முன்பைவிட நன்றாகவே உண்டன. போர் முடிவதற்குள் குழந்தை இறப்பு வீதம் போருக்கு முந்திய நிலையினும் தாழ்ந்திருந்தது. சமையலின் சுவை குறைந்தது. பிள்ளைகளின் உடல்நலம் உயர்ந்தது. எதைக் கொடுத்து எதைப் பெற்றார்கள் என்பதை எண்ணிப் பார்க்காமல் அவர்களை ஏளனம் செய்வது எனக்கு உடன்பாடில்லை.

அதே ஆண்டுகளில் மலாயா சப்பானியர் ஆட்சியில் இருந்தது. இங்கே அரிசி அரிதாகி, மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. என் பாட்டி தம் இறுதிக் காலம்வரை அக்கிழங்கைத் தொட்டதில்லை. காரணம் கேட்டால், "அதெல்லாம் சப்பான்காரன் காலத்திலேயே சாப்பிட்டாச்சு" என்பார். அன்று பத்து வயதாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறைக் கடந்துவிட்டனர். வீட்டில் அத்தகைய மூத்தோர் இருப்பின் பிள்ளைகளை அவர்கள் அருகில் அமர்த்திக் கேட்கச் செய்யுங்கள்.

இறுதியாக, நம் பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் கதைகளுக்கு வருகிறேன். எனிட் பிளைட்டனின் 'ஃபேமஸ் ஃபைவ்' கதைகளில் பிள்ளைகள் கூடை கூடையாக உண்பார்கள்: கேக், பதனிட்ட இறைச்சி, பழச்சுவைப் பானங்கள். 'ஆங்கிலேயப் பிள்ளைகள் எவ்வளவு சாப்பிடுகிறார்கள்!' என்று நம் மாணவர்கள் வியப்பதுண்டு. அவ்வரிசையின் முதல் நூல் வெளிவந்தது 1942இல். அதனைப் படித்த பிள்ளைகளின் வீட்டில் வாரத்திற்கு ஒரு முட்டை. அவ்விருந்துகள் அக்கால வாழ்க்கையின் படமன்று; பசித்த பிள்ளைகளின் கனவு.

சி.எஸ். லூயிஸ் எழுதிய 'த லயன், த விட்ச் அண்ட் த வார்ட்ரோப்' 1950இல் வெளிவந்தது. போரின்போது இலண்டனிலிருந்து பாதுகாப்புக்காக அனுப்பப்பட்ட நான்கு பிள்ளைகளின் கதை அது. எட்மண்ட் என்னும் சிறுவன், சூனியக்காரி கொடுத்த 'டர்க்கிஷ் டிலைட்' என்னும் இனிப்புக்காக உடன்பிறந்தோரையே காட்டிக்கொடுக்கத் துணிகிறான். 'ஓர் இனிப்புக்காகவா?' என்று நம் வகுப்புகளில் கேட்பார்கள். சிற்றுண்டிச்சாலையில் ஐம்பது காசுக்கு மிட்டாய் வாங்கும் பிள்ளைகளுக்கு அது புரியாது. பிரிட்டனில் 1949 ஏப்ரலில் இனிப்புப் பங்கீட்டை நீக்கிப் பார்த்தனர்; கடைகளில் இருந்ததெல்லாம் விற்றுத் தீர்ந்ததால் ஆகஸ்டில் மீண்டும் கொண்டுவந்தனர். அந்நூலை முதலில் கையில் எடுத்த பிள்ளைகள், பங்கீட்டு அட்டையைக் காட்டாமல் மிட்டாய் வாங்க 1953 பிப்ரவரி 5ஆம் நாள்வரை காத்திருந்தனர்.